லாக் எழுதும் நிரல் மெமரியைத் தின்கிறதா? படிப்படியாகக் கண்டுபிடிக்கலாம்

லினக்ஸில் நாள்கணக்கில் ஓடும் பைத்தான் நிரல், நடப்பதைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. ‘ஃப்ரீ’ கட்டளை கொடுத்தால் காலி ரேம் நாளுக்கு நாள் குறைகிறது. பதறி நிரலை நிறுத்திவிடாதீர்கள். குறைவது யார் கணக்கில் என்று முதலில் பார்ப்போம்.

படி 1: அதே கட்டளையில், நிரல்களுக்குத் தரக்கூடிய ரேமைக் காட்டும் ‘அவைலபிள்’ பத்தியைப் பாருங்கள். நிரல் எழுதுவதை லினக்ஸ் உடனே டிஸ்கில் போடாது; ரேமில் ‘பேஜ் கேஷ்’ என்ற இடத்தில் வைத்துச் சற்றுக் கழித்து எழுதும். எழுதிய பிறகும் பிரதியை வைத்திருக்கும், வேறு நிரல் ரேம் கேட்டால் விட்டுக்கொடுக்கும். ‘அவைலபிள்’ குறையவில்லை என்றால் கவலை வேண்டாம்.

படி 2: அதுவும் குறைந்தால், ‘பிஎஸ்’ கட்டளையில் உங்கள் நிரலின் ‘ஆர்எஸ்எஸ்’ அளவை (அது ரேமில் பிடித்திருக்கும் இடம்) மணிக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். தொடக்கத்தில் ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் சரி. நிற்காமல் ஏறினால் கோளாறு நிரலுக்குள்தான்.

படி 3: இப்போது லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது. வெப்பநிலையைப் பதியும் என் நிரலில் முதல் சுற்றில் ‘28.4’ ஒரு வரி, அடுத்த சுற்றில் அதே நேரத்தோடு இரண்டு வரி, அப்புறம் மூன்று. லாக் எழுதும் பொருளான லாகரை அமைக்கும் ஃபங்ஷனை, ஒவ்வொரு சுற்றும் ஓடும் லூப்புக்குள் அழைத்திருந்தேன். ‘கெட்லாகர்’ ஒரே பெயருக்கு எப்போதும் அதே லாகரைத்தான் தரும். அதனால் ஒவ்வொரு ‘ஆட்ஹேண்ட்லர்’ அழைப்பும் பழையதன் மேல் புதிய ஹேண்ட்லரை (வரியைக் கோப்பில் கொண்டுபோய் எழுதும் பகுதி) அடுக்குகிறது. பழையவை நிரல் முடியும்வரை போகாது. ஒவ்வொன்றும் கோப்பைத் தனித்தனியாகத் திறந்து வைத்திருக்கும். பல லினக்ஸ்களில் ஒரு நிரல் திறக்கக்கூடிய கோப்புகளுக்கு இயல்பான வரம்பு 1024. மெமரி தீரும் முன்பே ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று நிரல் விழலாம்.

அமைக்கும் வரிகளை லூப்புக்கு மேலே ஏற்றி, ஒரே ஒருமுறை ஓடவிடுங்கள்.

படி 4: கோப்பு வளராமல் இருக்க, நிரம்பியதும் அதைப் பழைய பிரதியாக ஒதுக்கிப் புதிதாகத் தொடங்கும் ‘ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர்’ போடுங்கள். ‘மேக்ஸ்பைட்ஸ்’ (ஒரு கோப்பின் உச்ச அளவு), ‘பேக்கப்கவுண்ட்’ (வைத்திருக்கும் பழைய பிரதிகளின் எண்ணிக்கை) இரண்டையும் கொடுக்க வேண்டும். ஏதாவது ஒன்று 0 ஆக இருந்தாலும் கோப்பு சுழலாது. 5 எம்பி, 3 பிரதி என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 20 எம்பிதான்.

லாக்கை க்யூ (வரிகள் காத்திருக்கும் வரிசை) வழியாக வேறு த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) அனுப்புகிறவர்கள் க்யூவுக்கும் ஓர் எல்லை வையுங்கள். எல்லையில்லாத க்யூவில், டிஸ்க் மெதுவாகும்போது எழுதப்படாத வரிகள் ரேமிலேயே குவியும்.

பிறகு இரண்டாம் படியை ஒருநாள் முழுக்கத் திரும்பச் செய்யுங்கள். வரிகளை மேலே ஏற்றிய பிறகு என் நிரலில் ஒரு சுற்றுக்கு ஒரே ‘28.4’தான் வந்தது, ஆர்எஸ்எஸ் எண் காலையில் குறித்ததிலேயே நின்றது.