யானைக்கால் நோய்க்கான விரைவுப் பரிசோதனை: எதைத் தேர்ந்தெடுப்பது?

பினாங்கில் வாழும் நம்மவர் ஒருவருக்குக் கால் வீங்கி, யானைக்கால் நோயாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், எந்தப் பரிசோதனை விரைவில் முடியும் என்று கேட்பதற்கு முன் அவர் எங்கெங்கே வாழ்ந்தவர் என்று கேளுங்கள். மலேசியாவில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது புருகியா மலாயி என்னும் புழு. தமிழ்நாட்டில் காணப்படுவதோ ஊச்செரீரியா பாங்கிராஃப்டி. ஆகவே தஞ்சைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவரையும் இங்கே சதுப்பு நிலத்தோரம் வளர்ந்தவரையும் ஒரே சோதனைப் பட்டையால் சோதிப்பது தவறு.

ஊர்தோறும் ஆய்வுகளில் பயன்படும் ஃபைலேரியாசிஸ் டெஸ்ட் ஸ்ட்ரிப், ஊச்செரீரியாப் புழு இரத்தத்தில் விடும் ஆன்டிஜெனை, அதாவது அப்புழுவின் புரதப் பொருளை, கண்டறிகிறது. புருகியா இருந்தால் அது காட்டாது. நமது மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த புருகியா ரேப்பிட் என்னும் பட்டை, புருகியாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஜி4 என்ற வகை ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) தேடுகிறது. இப்பெருமைக்குரிய கருவி நம் நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியாதது எனக்கு வருத்தமே. ஆனால் சிகிச்சைக்குப் பின்னும் ஆன்டிபாடி சில காலம் தங்கும் என்பதால், பாசிட்டிவ் என்றாலே இப்போது புழு உயிருடன் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டுக்கும் ஊசியால் நரம்பில் இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, விரல் நுனியில் சிறிய குத்து போதும், பகலிலும் செய்யலாம். விரலைத் துடைத்த ஸ்பிரிட் நன்கு காய்ந்த பிறகே குத்த வேண்டும். முதலில் சொன்ன ஃபைலேரியாசிஸ் பட்டைக்கு 75 மைக்ரோலிட்டர் இரத்தத்தை, தரப்பட்ட குழாயாலேயே அளந்து இட்டு, சரியாக 10 நிமிடத்தில் படியுங்கள். தாமதித்துப் பார்த்தால் இல்லாத கோடும் தோன்றிவிடலாம். புருகியா ரேப்பிட்டுக்கு அதன் தாளில் உள்ள நேரமே கணக்கு. பட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிட்டால் அந்தப் பட்டை செல்லாது, புதியதை எடுக்க வேண்டும்.

இரத்தத்தில் நுண்புழு (புழுவின் இளங்குஞ்சு) உயிருடன் இருப்பதை நேரில் காண வேண்டுமானால், இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதே வழி.

நெடுநாள் வீங்கிய காலில் இவை எல்லாமே நெகட்டிவாக வரலாம், ஏனெனில் புழு இறந்த பிறகும் வீக்கம் தங்குகிறது. புருகியாவில் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே நிற்கும். விரைவீக்கம் (விதைப்பை வீக்கம்) ஊச்செரீரியாவுக்கே உரியது. பட்டையுடன் இந்த அடையாளத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.