சேத்து பாட்டில்ல பழைய பூமி: வினோகிராட்ஸ்கி பாட்டில் செய்யறது எப்படி

காத்துல ஆக்சிஜன் எப்படி சேந்துச்சு, செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா எங்கேருந்து வந்துச்சுன்னு பசங்களுக்கு போர்டுல படம் போட்டு சொல்றத விட ஒரு பாட்டில் சேறு நல்லா சொல்லிடும். 1880கள்ல நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி யோசிச்ச முறை, செலவும் பெருசா கிடையாது.

ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டில மேல வெட்டிக்கோங்க. குளத்தங்கரை சேறு, அதே குளத்துத் தண்ணி, கிழிச்ச நியூஸ்பேப்பர், ஒரு முட்டை மஞ்சக்கரு வேணும். முட்டை வேணாம்னா உரக்கடை ஜிப்சம், கடலைக்கு போடுவாங்களே அது, ரெண்டு ஸ்பூன் போதும், கந்தகம் உள்ள போகணும் அவ்ளோதான். சேறு கறுப்பா நாறிச்சுன்னா ரொம்ப நல்லது, மூக்கப் பொத்திக்கிட்டு அதையே அள்ளுங்க, கிளவுஸ் கட்டாயம்.

கல்லு குச்சிய பொறுக்கிட்டு, கொஞ்சம் சேத்துல பேப்பரையும் மஞ்சக்கருவையும் பிசைஞ்சு அடியில கால்வாசி போட்டு அமுக்குங்க, காத்துக் குமிழி இருக்கக்கூடாது. அதுக்கு மேல வெறும் சேறு முக்கால்வாசி வரைக்கும், அப்புறம் தண்ணி, மேல ரெண்டு விரக்கடை காலியா விடுங்க. பிளாஸ்டிக் கவர லூசா மூடி ரப்பர் பேண்ட் போடுங்க, இறுக்கி மூடினா உள்ள கேஸ் சேந்துடும். ஜன்னலோரம் வைங்க, உச்சி வெயில் நேரா பட வேணாம்.

முதல்ல ஒண்ணுமே நடக்காது, தூக்கிப் போட்டுடாதீங்க. சில வாரத்துல அடி கறுத்துரும், அது இரும்பு சல்பைடு, அங்க ஆக்சிஜனே கிடையாது. அதுக்கு மேல பச்சை கந்தக பாக்டீரியா, அப்புறம் ஊதா கந்தக பாக்டீரியா, அதுக்கும் மேல துருக் கலர்ல கந்தகம் அதிகமா பிடிக்காத ஊதா பாக்டீரியா, உச்சியில சயனோபாக்டீரியாவும் (செடி மாதிரி வெளிச்சத்துல சாப்பாடு செய்யற பாக்டீரியா) பாசியும். எல்லா பாட்டிலும் இப்படி அழகா வராது, திட்டுத்திட்டாவும் வரும்.

இப்ப உச்சியப் பாருங்க. பூமியோட முதல் பாதி காலம் காத்துல ஆக்சிஜன் இல்லன்னே சொல்லலாம். தண்ணிய உடைச்சு ஆக்சிஜன் விட்டது இந்த சயனோபாக்டீரியா வம்சம்தான், ரொம்ப நாள் கடல்ல கரைஞ்ச இரும்பும் எரிமலை வாயுவும் அத தின்னுக்கிட்டே இருந்துச்சு, சுமார் 240 கோடி வருஷம் முன்னாடிதான் அது காத்துல தங்க ஆரம்பிச்சுது.

எனக்கு இதுல பிடிச்ச இடம் அந்த துருக் கலர் பட்டைதான். அதுல இருக்கறது நெறைய ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியாங்கற பாக்டீரியா கூட்டம், மைட்டோகாண்ட்ரியாவோட நெருங்குன சொந்தம். வெளிச்சம் இருந்தா ஆக்சிஜன் இல்லாமலே பொழைக்கும், இருட்டுல ஆக்சிஜன் கிடைச்சா நம்ம செல் மாதிரியே சுவாசிக்கும். அந்த மாதிரி ஒண்ணு ஒரு ஆர்க்கியா (பாக்டீரியா மாதிரி தெரிஞ்சாலும் வேற வம்சமான நுண்ணுயிர்) செல்லுக்குள்ள போய் செட்டில் ஆனதுதான் மைட்டோகாண்ட்ரியா. 1967ல உயிரியலாளர் லின் மார்குலிஸ் இத அழுத்தி சொன்னப்ப பலர் நம்பல. ஆனா நம்ம மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னிக்கும் வட்டமா தனி டிஎன்ஏ, 37 ஜீன் இருக்கு, பாக்டீரியா மாதிரியே ரெண்டா பிரியுது. உச்சியில இருக்கற ஒரு பச்சைப் பாசி செல்லுல மைட்டோகாண்ட்ரியாவா மாறின வம்சமும் இருக்கு, குளோரோபிளாஸ்ட்டா (வெளிச்சத்துல சாப்பாடு செய்யற பச்சை உறுப்பு) மாறின சயனோபாக்டீரியா வம்சமும் இருக்கு.

ஒண்ணு தெளிவா சொல்லிடுங்க, பாட்டில்ல இருக்கறது எல்லாம் இன்னிக்கு வாழற ஜீவன்தான், அடியில இருக்கறது பழசுன்னு பசங்க நெனச்சுக்கப் போறாங்க.

முடிஞ்சா ரெண்டாவது பாட்டில அலுமினியம் ஃபாயில் சுத்தி வைங்க, கலர் வராது, வெளிச்சம் என்ன பண்ணுதுன்னு அப்ப புரியும். முடிச்சதும் மொட்டை மாடியிலயோ தோட்டத்துலயோ வச்சுதான் தொறக்கணும், அழுகின முட்டை நாத்தம் வீட்ட விட்டு லேசுல போகாது.