இதயத்துக்காக வரும் போன்: கோச்சிடம் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லி மேடம்."

இந்தப் பதிலை நான் கேட்காத நாளே இல்லை. 22 வயதிலிருந்து 35 வயதுக்குள் இருப்பவர்களிடம் போனில் பேசி, அவர்களுடைய ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் இவற்றைச் சரிசெய்ய உதவும் ஹெல்த் கோச் வேலை என்னுடையது. படித்தது ஊட்டச்சத்துத் துறை. ஆபீஸில் வருடாந்திர செக்கப் நடந்து, ரிப்போர்ட்டில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பின் அளவு தடித்த எழுத்தில் வந்த பிறகுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள்.

இட்லியில் தவறு இல்லை. அதோடு போன பொடி எண்ணெய், மாலையில் டீக்கடையில் சாப்பிட்ட பஜ்ஜி, இரவு பன்னிரண்டு மணிக்கு ஆர்டர் செய்த பிரியாணி, இவை பதிலில் வருவதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் எப்படிச் சொல்வோமோ, அந்தப் பழக்கத்தில் சொல்கிறார். ஆனால் டாக்டர் அறையில் உட்கார்ந்தால் டாக்டர் உங்கள் வயிற்றைப் பார்ப்பார், மூச்சு வாங்குவதைப் பார்ப்பார். போனில் எனக்கு எதுவும் தெரியாது. நீங்கள் சொல்வதுதான் என் கண். கீழே நான் சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கண்ணைக் கட்டிவிடுகிறவை.

போனில் பேசி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆறு மருத்துவமனைகளைச் சேர்ந்த 792 இதய நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் போனில் பயிற்சி பெற்றவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 21 புள்ளி (மி.கி./டெ.லி.) குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7 புள்ளிதான். கோச் மருந்து எழுதவில்லை. உங்கள் எண் என்ன, எங்கே போக வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார், அவ்வளவுதான். அவர்கள் ஏற்கெனவே இதய நோய் வந்தவர்கள். இளைஞர்களுக்கென்றே சிட்னி பல்கலைக்கழகம் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு, எடை கூடாமல் தடுக்க, 12 வாரத்தில் ஐந்து அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் கொண்ட ஒரு திட்டத்தைச் சோதித்திருக்கிறது. வழி புதிதில்லை. அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"இந்த வயசுல எனக்கு என்ன வரப்போகுது?"

முதல் அழைப்பிலேயே வரும் கேள்வி இது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. நமக்கு ஆறு வருடம் முன்னதாகவே வருகிறது. 53 வயதில் வரும் அடைப்பு 52 வயதில் தொடங்குவதில்லை. ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது இருபதுகளிலேயே ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் 1985இல் 18 முதல் 30 வயதுக்குள் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பல வருடங்களாகப் பின்தொடர்ந்து வரும் கார்டியா என்ற ஆய்வு இருக்கிறது. சரியான எடை, அளவான மது, புகையின்மை, நல்ல உணவு, உடற்பயிற்சி என்ற ஐந்தையும் இளமை முழுக்கக் காப்பாற்றியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நடுவயதிலும் இதய ஆபத்து குறைந்த நிலையில் இருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட இல்லாதவர்களில் அப்படி இருந்தது சுமார் 3 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் என் மேஜையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைச் சொல்லும் விதம்

மறுபடி இட்லிக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் தவறுவது இங்கேதான். "வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டில்தான் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் இருக்கின்றன. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தயிர் சாதத்தோடு இரண்டு துண்டு ஊறுகாய் என்பதைச் சொன்னால்தான் அந்தக் கணக்கை நாம் சேர்ந்து போட முடியும்.

டீயையும் அப்படியே. "டீ குடிப்பேன்" போதாது. எத்தனை, எவ்வளவு சர்க்கரை என்று சொல்லுங்கள். ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து டீயில் 40 கிராமுக்குக் குறையாது. சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது. பிஸ்கட் தனி.

அழைப்புக்கு முந்தைய நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு அதைச் சொல்கிறவர்களும் உண்டு. சனி, ஞாயிறு, அப்புறம் சம்பளம் வந்த அன்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நினைவில்லை என்றால் தட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு நாள் போட்டோ, அரை மணி நேரப் பேச்சைவிட எனக்கு உதவும்.

பிபியைப் பேசிக்கொண்டே பார்ப்பது

இதை நான் காதால் கேட்டிருக்கிறேன். "இருங்க மேடம், இப்பவே பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போனை வைத்து, பேசிக்கொண்டே கருவியைக் கட்டுவார்கள். பேசினாலே அளவு ஏறும். கால் மேல் கால் போட்டிருந்தால் ஏறும். கையைத் தொங்கவிட்டால் ஏறும். கைப்பட்டை புஜத்துக்குச் சின்னதாக இருந்தாலும் ஏறும். மாடி ஏறி வந்தவுடன் பார்த்த 148ஐ வைத்துக்கொண்டு ஒரு பையன் இரண்டு நாள் தூங்காமல் இருந்தான்.

பிபி பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். புஜம் நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலை, மாலை இரண்டு வேளையும், ஒரு வாரம். முதல் நாளை விட்டுவிட்டு மீதி நாட்களின் சராசரியை எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட புஜத்தில் கட்டுவது நம்பகமானது. எழுதி வைத்த எண்ணைச் சொல்லுங்கள். "நார்மல்தான்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்ய முடியாது.

மறைப்பவை

சிகரெட்டின் எண்ணிக்கையைப் பாதியாகச் சொல்வார்கள். அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்ததைச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண் மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னாள், வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரியக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாராம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் உங்கள் கணக்கே மாறுகிறது. பெண்கள் கர்ப்ப காலத்தில் வந்த ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் "அது அப்பவே சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். பிரசவத்தோடு அது முடிவதில்லை. பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கோச் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். ஜிம்மில் ஊசியோ பவுடரோ எடுப்பதும் இதே பட்டியல்தான்.

நிறுவனம் பணம் கட்டும் திட்டம் என்றால், முதல் அழைப்பிலேயே கேளுங்கள்: நான் சொல்வதை யார் பார்ப்பார்கள், என் பெயரோடு எச்.ஆருக்குப் போகுமா? நேரடியான பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். இது தெளிவாகாமல் மனம் திறந்து பேச யாராலும் முடியாது.

பைக்கில் போகும்போது, ஆபீஸ் லிஃப்டில், பக்கத்தில் மேனேஜர் இருக்கும்போது அழைப்பை எடுக்காதீர்கள். நேரம் மாற்றச் சொன்னால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். இன்னொன்று, அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவது. "அவன் ஒண்ணுமே சாப்பிடறதில்லைம்மா" என்றுதான் அவர் சொல்வார். ஆனால் சமைப்பவர் அவர் என்றால், உங்கள் சம்மதத்தோடு ஒரு தடவை ஸ்பீக்கரில் சேர்த்துப் பேசுவது நல்ல பலன் தரும். எண்ணெய்ப் பாத்திரம் அவர் கையில்தானே இருக்கிறது.

எங்கள் பக்கத் தவறு

கோச்சும் தவறு செய்வார். நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஒரே அழைப்பில் ஏழு வேலைகள் கொடுத்தேன். அடுத்த அழைப்பை அவள் எடுக்கவில்லை, அதற்கடுத்ததையும் எடுக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: விடியற்காலை மூன்று மணிக்குப் பசித்தால் என்ன செய்வது? அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஒரு கொய்யா என்று அன்று பேசியிருக்க வேண்டும்.

வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் குடிப்பழக்கச் சிகிச்சைக்காக எழுதிய ஒரு முறை, இப்போது இந்த வேலையின் அடிப்படை. அறிவுரையைக் குறைத்து, மாறுவதற்கான காரணத்தை எதிரே இருப்பவர் வாயாலேயே வரவைப்பது. "உங்களால முடியும்னு பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்பேன். நான்கு என்பார். "ஏன் ஒண்ணு இல்ல, நாலு?" என்று கேட்டதும், தன்னால் முடியும் என்பதற்கான காரணங்களை அவரே சொல்ல ஆரம்பிப்பார். உங்கள் கோச் இருபது நிமிடமும் தானே பேசினால், ஒரே ஒரு இலக்கு போதும் என்று நீங்கள் சொல்லுங்கள். அதுவும் "நடக்கணும்" என்று இல்லாமல், "செவ்வாயும் வியாழனும் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடப்பேன்" என்று இருக்கட்டும்.

கோச் டாக்டர் இல்லை

எல்.டி.எல். 190க்கு மேல் என்றால் ஓட்ஸ் சாப்பிட்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே கொழுப்பு அதிகமாக இருக்கும் பரம்பரைக் கோளாறு உண்டு. அதற்கு மாத்திரை தேவை, வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை தேவை. போனில் பேசிவிட்டு மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் கோச்சின் நம்பரைத் தேடாதீர்கள், 108ஐ அழையுங்கள். "வியாழக்கிழமை கோச்சோட போன் கால் இருக்கே, அப்போ கேட்டுக்கலாம்" என்று ஒருவர் இரண்டு நாள் காத்திருந்தார். அன்று அவருக்கு வெறும் வாயுவாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது.

புகையை விடுவதற்குத் தனி உதவி வேண்டுமென்றால் அரசின் கட்டணமில்லா எண் 1800 112 356 இருக்கிறது.

கடைசியாக, ஒரு அழைப்பைத் தவறவிட்டதும் வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிடுவது. போன மாதம் ஒன்றும் செய்யவில்லை என்றால், அதையே சொல்லி ஆரம்பியுங்கள். கல்யாண வீடு, பரீட்சை, வேலை மாற்றம் எல்லாம் வரத்தான் செய்யும். திட்டம் முடியும் கடைசி அழைப்பில் உங்கள் எண்கள் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆரம்பத்தில் பிபி எவ்வளவு, இப்போது எவ்வளவு, எல்.டி.எல்., இடுப்புச் சுற்றளவு, அடுத்த பரிசோதனை எந்த மாதம். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள்.