மஞ்சள் கருவுக்குப் பயம், பச்சை முட்டைக்குத் தைரியம்

எங்கள் தெருமுனையில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அதன் வாசலில் காலை ஆறு மணிக்கே அவித்த முட்டை விற்கும் தள்ளுவண்டி வந்துவிடும். இளைஞர்கள் ஆளுக்கு ஐந்தாறு முட்டைகளை வாங்கி, மஞ்சள் கருவைப் பிதுக்கி எடுத்துத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தின்கிறார்கள். அந்த வட்டாரத்திலேயே மேனி பளபளக்கும் நாய் அதுதான். அதே இளைஞர்களில் சிலர் வீட்டுக்குப் போய் இரண்டு பச்சை முட்டைகளைப் பாலில் அடித்துக் குடிப்பார்கள். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குத் துணிவதும், துணிய வேண்டியதற்குப் பயப்படுவதுமாக முட்டை விஷயத்தில் நாம் தலைகீழாக நிற்கிறோம்.

முதலில் மஞ்சள் கரு. 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சளில்தான். வைட்டமின் ஏ, டி, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின், கண்ணுக்கு நல்லதான லூட்டின் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. வெள்ளையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் புரதமும். வளரும் பிள்ளைக்கு மஞ்சளை எடுத்துவிட்டு ஊட்டும் தாய்மார்களை இன்றும் பார்க்கிறேன். நல்லவேளையாகப் பள்ளிச் சத்துணவில் முட்டையை முழுதாகவே கொடுக்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு முட்டையில் 180 மில்லிகிராமுக்குக் குறையாமல் கொலஸ்ட்ரால் இருக்கிறது, முழுவதும் மஞ்சளில். 1968-இல் அமெரிக்க இதய சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கரு போதும் என்று சொன்னது. அந்தப் பேச்சு கடல் கடந்து நம் ஊர் மருத்துவர்களின் சீட்டுவரை வந்து சேர்ந்தது. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. உணவில் கூடுதலாக வந்தால் பெரும்பாலோருக்கு அது உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது நெய், வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. முட்டையில் அது ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. 2015–2020 ஆண்டுகளுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டுதலில் அந்த 300 மில்லிகிராம் வரம்பு நீக்கப்பட்டது.

விவகாரம் அதோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 30,000 பேரின் தரவுகளைத் திரட்டிய ஓர் ஆய்வு, முட்டை கூடக்கூட இதயநோய் அபாயமும் சிறிது கூடுவதாகச் சொன்னது. மறு ஆண்டே, மூன்று பெரிய குழுக்களை 32 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை அப்படித் தொடர்பு எதையும் காணவில்லை என்றது. ஆரோக்கியமானவர் தினம் ஒரு முழு முட்டை தின்னத் தயங்க வேண்டியதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சர்க்கரை நோயாளிகளும், கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பைப் பார்த்தவர்களும் கணக்கை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சிலருடைய உடலில் உணவுக் கொலஸ்ட்ரால் மற்றவர்களைவிட அதிகமாக ஏறுகிறது. யாருக்கு என்பதை ரத்தப் பரிசோதனைதான் காட்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

முட்டையோடு எது வருகிறது என்பதையும் கவனியுங்கள். தோசைக்கல்லில் குளம்போல எண்ணெய் ஊற்றிப் பொரித்த ஆம்லெட், அதற்குத் துணையாக டால்டா மணக்கும் இரண்டு பரோட்டா. மாதக் கடைசியில் கொலஸ்ட்ரால் ஏறினால் பழியை மட்டும் முட்டை சுமக்கிறது.

இனி பச்சை முட்டை. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு வாயில் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த வயதில் நல்ல சத்து வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பச்சையாகக் குடித்தால் சத்து அதிகம் என்பது நேர்மாறு. 1998-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வில் அளந்து பார்த்தபோது, வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் பாதிதான் செரித்தது. பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் என்ற வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் தினமும் குடித்தால்தான் தொல்லை. வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும்.

பெரிய ஆபத்து, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி. இது ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் எச்சத்தில் மட்டும் இருப்பதில்லை. கோழியின் சினைப்பையில் தொற்று இருந்தால் ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடுகிறது. ஆகவே ஓடு பளிச்சென்று இருப்பது எந்த உத்தரவாதமும் அல்ல. நாட்டுக்கோழிக்கும் விதிவிலக்கு இல்லை. பாதி வெந்த கொங்கு நாட்டுக் கலக்கியும் ஹாஃப் பாயிலும் எனக்கும் பிடிக்கும். ஆனால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வெந்தால் கிருமி செத்துவிடும்.

வாங்கி வந்தவுடன் எல்லா முட்டையையும் குழாயடியில் கழுவிக் குளிர்பெட்டியில் அடுக்குவது இன்னொரு தவறு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன; அவற்றை மூடும் மெல்லிய படலம் கழுவும்போது போய்விடுகிறது. குளிர்ந்த நீர் பட்டு உள்ளே சுருங்கும்போது வெளியிலுள்ள அழுக்கும் உள்ளே இழுக்கப்படலாம். எச்சம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், சமைக்கப் போகும்போது கழுவிக்கொள்ளலாம். அவித்த முட்டையைச் சமையலறை மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். தண்ணீரில் மிதக்கிறதா என்று போட்டுப் பார்ப்பது முட்டையின் வயதைச் சொல்லும், கிருமி இருப்பதைச் சொல்லாது.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சளின் அடர்த்தி தீவனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டைக்கு இரட்டை விலை கொடுப்பவர்களுக்கு அந்த நிறத்தால் கூடுதல் சத்து கிடைப்பதில்லை.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டட்டும் என்று முட்டையைத் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை வராமல் தடுக்க முடியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு, நன்றாக வெந்ததைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். கடுமையான கரப்பான் என்னும் தோல் நோய் இருக்கும் குழந்தையானால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கடைசியாக, கோடையில் முட்டை உடலுக்குச் சூடு என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. அந்தச் சூட்டை ஆராய்வதற்கு முன்பு, நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கிய முட்டைகள் மே மாத வெயிலில் கடை வாசலில் அட்டை அட்டையாகக் காய்ந்துகொண்டிருப்பதைப் பாருங்கள். நிழலில் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள்.