ஆர்மீனிய லீக் சீசனை நோட்டில் பின்தொடர்வது எப்படி?

ஆர்மீனியாவின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான ஆர்மீனிய பிரீமியர் லீக்கைப் புதிதாகப் பார்க்க வருபவரைக் குழப்புவது ஆட்டம் இல்லை, பெயர்கள்தான். முடிந்துபோன ஒரு சீசனை வைத்துப் பழகிவிட்டால் அந்தக் குழப்பம் போய்விடும். 2022-23ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு நோட்டு, பென்சில், கூடவே ரப்பர்.

படி 1: கட்டம்

அந்த சீசனில் 10 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 9 அணிகளோடு தலா 4 முறை மோதியது. ஆக ஓர் அணிக்கு 36 ஆட்டம், மொத்தம் 180. நோட்டைப் படுக்கைவாட்டில் வைத்துக்கொண்டு 10க்கு 10 கட்டம் போடுங்கள். இடப்பக்கம் எழுதும் அணி சொந்த மைதானத்தில் ஆடுவது, மேலே எழுதுவது வெளியூரிலிருந்து வருவது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு ஸ்கோர் அடங்க வேண்டும், கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். ஓர் அணி தன்னோடு தானே மோதாது என்பதால் மூலைவிட்டக் கட்டங்களை அடித்துவிடுங்கள்.

படி 2: பெயர்கள்

இங்கேதான் நிதானம் தேவை. அராரத் வேறு, அராரத்-ஆர்மீனியா வேறு. முதலாவது 1973இல் சோவியத் லீக், கோப்பை இரண்டையும் வென்ற பழைய கிளப், தலைநகர் யெரெவானைச் சேர்ந்தது. இரண்டாவது 2017இல் அவான் அகாடமி என்று பிறந்த புதுசு. நான் முதல் தடவை இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டு, பாதிப் பக்கத்தை ரப்பரால் தேய்த்தேன்.

மற்றவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உரார்ட்டு முன்பு பனான்ட்ஸ். நோவா முன்பு அர்ட்ஸாக். 1992இல் ஷிராக் அணியுடன் முதல் பட்டத்தைப் பகிர்ந்த ஹோமனெட்மென்தான் இன்றைய பியூனிக். அந்தப் பெயருக்கு ஃபீனிக்ஸ் என்று பொருள். 2001 முதல் 2010 வரை தொடர்ந்து 10 பட்டம் அடித்த அணி, ஆர்மீனிய நட்சத்திர வீரர் மிகித்தார்யான் தொடங்கிய இடமும் அதுவே. பழைய செய்திகளைத் தேடும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

படி 3: நிரப்புவது

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. ஸ்கோரைக் கட்டத்தில் எழுதுங்கள், புள்ளியை ஓரத்தில் கூட்டிக்கொண்டே வாருங்கள். டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஆட்டமே இருக்காது, பனிக்கால விடுமுறை. ஏதோ விட்டுப்போயிற்று என்று பயப்பட வேண்டாம்.

நேரலை பார்ப்பதென்றால், யெரெவானில் மாலை 7 மணி என்பது நமக்கு இரவு 8.30.

படி 4: ஐரோப்பா

ஆர்மீனிய அணிகள் ஐரோப்பிய கிளப் போட்டிகளில் ஆடுவதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள், லீக் கட்டத்தோடு கலக்காதீர்கள். 2022 கோடையில் ஐரோப்பாவின் முதல்நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றில் குளுஜ், டுடலாஞ்ச் அணிகளைத் தாண்டிய பியூனிக், ரெட் ஸ்டார் பெல்கிரேடிடம் விழுந்தது. அப்புறம் இரண்டாம்நிலையான யூரோப்பா லீக்கின் பிளே-ஆஃபிலும் (கடைசித் தகுதி மோதல்) தோற்று, மூன்றாம்நிலையான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடியது. உள்ளூரில் பட்டம் உரார்ட்டுவுக்கு, பியூனிக் இரண்டாமிடம், அராரத்-ஆர்மீனியா மூன்றாமிடம். உங்கள் ஓரக் கூட்டலும் இதே வரிசையில் வந்தால் கட்டம் சரி.

அடுத்த பக்கத்துக்கு 2024-25ஐ எடுங்கள். நவம்பரில் கான்ஃபரன்ஸ் லீக்கில் இங்கிலாந்தின் செல்சியிடம் 0-8 என்று வாங்கிக்கட்டிக்கொண்ட நோவா, சீசன் முடிவில் லீக் சாம்பியன்.