வார்த்தையில்லாத டெக்னோ என்ற மின்னணு நடன இசையைக் கேட்கப் பழகுவது எப்படி?

முதலில், கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடித்தாளம் அதில் வராது. கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். ஹெட்போன் வேண்டும். நான் இரவில் திருகோணமலை டச் பே கடற்கரையில் நடந்தபடிதான் கேட்பேன்.

பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது. நிமிடத்துக்கு 120 முதல் 140 வரை விழும் அடியைக் கால் பிடிக்கட்டும். அப்புறம் ஒரே ஒரு ஒலியைப் பின்தொடருங்கள், சலங்கை போலச் சிணுங்கும் ஹை-ஹாட் (டிரம் செட்டின் இரட்டைத் தட்டு) என்று வையுங்கள். சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று கூடும், ஒன்று கழலும். ருசி அங்கேதான். கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் ஓய்ந்து தவில் மட்டும் பேசும்போது நாம் யாரும் வார்த்தை கேட்டதில்லையே!

டெக்னோ பேர்லினில் பிறந்தது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். இல்லை. 1980களில், அமெரிக்காவின் டெட்ரோயிட் அருகே பெல்வில்லில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவும் அமெரிக்க ஃபங்க் இசையும் அவர்கள் காதில் கலந்திருந்தன. 1983இல் வந்த ரோலண்ட் டிஆர்-909 தாளக் கருவி சந்தையில் தோற்றதால் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது. அந்த அடியைத்தான் இன்றும் கேட்கிறோம்.

சரி, ஒரு டிராக் எட்டு நிமிடம் ஓடினாலும் நடுவில் தாவாதீர்கள்.