நேம்டு பைப் வழியா எச்டிடிபி: பூலை நாமளே எழுத வேண்டாம்

மொரிஷியஸ்ல கிராண்ட் பே, ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் பக்கம் ஹோட்டல்களுக்கு சாஃப்ட்வேர் பண்றவங்களுக்கு இந்த செட்டப் நல்லாவே தெரியும். ரூம் கார்டு எழுதுற மெஷினுக்காக ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல ஒரு விண்டோஸ் சர்வீஸ் ஓடும், பக்கத்துலயே செக்-இன் ஆப் ஓடும், ரெண்டும் லோக்கல்ஹோஸ்ட்ல ஏதோ ஒரு போர்ட்ல எச்டிடிபி பேசிக்கும். ஒருநாள் வேற கம்பெனி சாஃப்ட்வேர் வந்து அதே போர்ட்ல உக்காந்துக்கும், இல்லன்னா ஹோட்டல் ஐடி ஆளு போர்ட் லிஸ்ட்டைப் பாத்துட்டு "பா கபாவ்"னு (முடியாதுன்னு) சொல்லிட்டுப் போயிடுவாரு. போர்ட்டே வேண்டாம், நேம்டு பைப் (ரெண்டு ப்ரோகிராம் பேசிக்க விண்டோஸ் கொடுக்குற, பேர் வச்ச ஒரு வழி) போதும். யார் உள்ள வரலாம்னு விண்டோஸ் பர்மிஷன் வச்சே முடிவு பண்ணிக்கலாம், எச்டிடிபி கோடு அப்படியே இருக்கும்.

நெறைய பேர் இங்க பைப்பைத் திறந்து, ரிக்வெஸ்ட்டை ஸ்ட்ரிங்கா எழுதி, பதிலைக் கையால பிரிச்சு, அப்புறம் வேகம் வரலன்னு ஒரு கியூ வச்சு சொந்தமா பூல் (திறந்த கனெக்ஷனை மூடாம வச்சுத் திரும்பப் பயன்படுத்துற கோடு) எழுதுவாங்க. அது எதுவும் தேவையில்ல. 2020 நவம்பர்ல வந்த டாட்நெட் 5-லேர்ந்தே சாக்கெட்ஸ் எச்டிடிபி ஹேண்ட்லர்ல (எச்டிடிபி கிளையன்ட்டுக்கு அடியில கனெக்ஷன்களைக் கவனிக்குற பாகம்) கனெக்ட் கால்பேக்னு நீங்க எழுதிக் கொடுக்குற ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு. புது கனெக்ஷன் தேவைப்படும்போது மட்டும் ஹேண்ட்லர் அதைக் கூப்பிடும், நீங்க ஒரு ஸ்ட்ரீமைக் கொடுத்தா போதும், அது டிசிபியா பைப்பான்னு அதுக்குக் கவலையே இல்ல. கீப்-அலைவ் (கனெக்ஷனைத் திறந்தே வைக்குறது), திரும்பப் பயன்படுத்துறது, பழசை மூடுறது எல்லாம் அதுவே பாத்துக்கும்.

கால்பேக் உள்ள நேம்டு பைப் கிளையன்ட் ஸ்ட்ரீம் ஒண்ணை உருவாக்குங்க. சர்வர் பேருக்கு ஒரு புள்ளி, அதாவது இதே மெஷின். பைப் பேருக்கு வெறும் பேர் மட்டும், முன்னாடி \\.\பைப்\ எல்லாம் சேர்க்காதீங்க. டைரக்ஷன் இன்-அவுட். ஆப்ஷன்ல அசிங்க்ரனஸ் கட்டாயம், இதை விட்டா படிக்குறதும் எழுதுறதும் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு அப்படியே தொங்கிடும், எர்ரர்கூட வராது. இம்பர்சனேஷன் லெவலை (சர்வர் உங்க யூசரா எவ்வளவு தூரம் நடிக்கலாம்ங்குற அளவு) அனானிமஸ்னு வைங்க, இல்லன்னா அந்தப் பேர்ல வேற யாராவது சர்வர் வச்சிருந்தா உங்க யூசர் உரிமையை அவன் எடுத்துப் போட்டுக்கலாம். அப்புறம் கனெக்ட் அசிங்க் கூப்பிட்டு ஸ்ட்ரீமை ரிட்டர்ன் பண்ணுங்க, தோத்துப் போனா டிஸ்போஸ் பண்ணிட்டு எக்ஸெப்ஷனை மேல விடுங்க.

கனெக்ட் அசிங்க்குக்கு டைம்அவுட் கொடுக்க மறந்துடாதீங்க. பைப்பே இல்லன்னாலும் அது உடனே தோக்காது, எப்பவாவது வரும்னு காத்துக்கிட்டே இருக்கும், கடைசில எச்டிடிபி கிளையன்ட்டோட டீஃபால்ட் 100 செகண்ட் முடிஞ்சாதான் விடும். ரிசப்ஷன்ல கெஸ்ட் நிக்கும்போது 100 செகண்ட்னா யோசிச்சுப் பாருங்க. ஒரே மெஷின்தானே, ரெண்டு செகண்டே தாராளம்.

அடுத்தது யூஆர்எல். எச்டிடிபின்னே ஆரம்பிங்க, எச்டிடிபிஎஸ் போட்டா பைப் மேலயும் டிஎல்எஸ் (என்கிரிப்ஷன்) பேசப் பாக்கும். ஹோஸ்ட் பேர் சும்மா ஒரு பேர்தான், டிஎன்எஸ் எதுவும் நடக்காது, ஆனா இங்கதான் பூல் விஷயமே இருக்கு: ஹேண்ட்லர் கனெக்ஷன்களைப் பிரிச்சு வைக்குறது அந்த ஹோஸ்ட் பேரையும் போர்ட்டையும் வச்சு, உங்க பைப் பேர் அதுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு சர்வீஸ், ரெண்டு பைப், ஆனா ரெண்டுக்கும் லோக்கல்ஹோஸ்ட்னே போட்டா, ரூம் கார்டு சர்வீஸுக்குப் போக வேண்டிய ரிக்வெஸ்ட் பாஸ்போர்ட் ஸ்கேனர் சர்வீஸோட பழைய கனெக்ஷன்ல போய் இறங்கும், அதுவும் எப்பவாவது மட்டும், கண்டுபிடிக்கவே நாளாகும். ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு ஹோஸ்ட் பேர் வச்சுக்கிட்டு கால்பேக்ல அதைப் பாத்துப் பைப்பைத் தேர்ந்தெடுங்க, இல்ல பைப்புக்கு ஒரு ஹேண்ட்லர் வைங்க (எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்). சர்வர்ல அலவ்டு ஹோஸ்ட்ஸ் கட்டுப்பாடு இருந்தா அந்தப் பேரையும் அங்க சேருங்க, இல்லன்னா 400 எர்ரர் வரும். ஹேண்ட்லர்ல யூஸ் பிராக்ஸியை ஃபால்ஸ் பண்ணிடுங்க.

பூல் வேலை செய்யணும்னா ஒரு ஹேண்ட்லருக்கு எச்டிடிபி கிளையன்ட் ஆப் முழுக்க ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். ரெஸ்பான்ஸையும் முழுசா படிக்கணும் இல்ல டிஸ்போஸ் பண்ணணும், சும்மா விட்டா அந்த பைப் பூலுக்குத் திரும்பாது. சும்மா இருக்குற கனெக்ஷனை டாட்நெட் 6-லேர்ந்து டீஃபால்ட்டா ஒரு நிமிஷம் வச்சிருக்கும், அது போதும். டிஎன்எஸ் மாறும்னு பூல்டு கனெக்ஷன் லைஃப்டைம் வைக்கச் சொல்வாங்களே, அது இங்க தேவையில்ல.

சர்வர் பக்கம் டாட்நெட் 8 இருந்தா அதோட வெப் சர்வரான கெஸ்ட்ரல்லயே லிசன் நேம்டு பைப் இருக்கு, விண்டோஸ்ல மட்டும். சர்வீஸ் சிஸ்டம் அக்கவுன்ட்ல ஓடி, ஆப் சாதா யூசர்ல ஓடுனா முதல்ல ஆக்சஸ் மறுப்புதான் கிடைக்கும், ஏன்னா கரன்ட் யூசர் ஒன்லி டீஃபால்ட்டா ட்ரூ. அதை ஃபால்ஸ் ஆக்கி, பைப் செக்யூரிட்டில அந்த யூசர் குரூப்புக்கு ரீட் ரைட் மட்டும் கொடுங்க, ஃபுல் கன்ட்ரோல் வேண்டாம். நெட்வொர்க் குரூப்புக்கு டினை போடுங்க, நேம்டு பைப்பை வேற மெஷின்லேர்ந்தும் தொட முடியும்னு நெறைய பேருக்குத் தெரியாது.

நேம்டு பைப் சர்வர் ஸ்ட்ரீம் வச்சு நீங்களே எழுதுன பழைய சர்வர்னா ஒரு சிக்கல் இருக்கு, இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கை (ஒரே நேரத்துல எத்தனை கனெக்ஷன்) சொல்லாட்டி அது 1தான். உங்க பூல் அந்த ஒண்ணையும் பிடிச்சு வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும், அடுத்த ஆப் வெளிய நிக்கும். இன்ஸ்டன்ஸைக் கூட்டுங்க, கிளையன்ட்ல மேக்ஸ் கனெக்ஷன்ஸ் பெர் சர்வரை நாலஞ்சுக்குள்ள கட்டுங்க.

பூல் நெஜமாவே ஓடுதான்னு பாக்க கால்பேக் உள்ள ஒரு லாக் லைன் போட்டுட்டு, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா 100 ரிக்வெஸ்ட் அனுப்புங்க, லாக் ஒரே தடவைதான் வரணும். நூறு தடவை வந்தா கிளையன்ட்டை ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாக்குறீங்க, இல்ல சர்வர் கனெக்ஷனை மூடுது. சொந்த சர்வர் இன்னும் ரெடி இல்லன்னா, டாக்கர் டெஸ்க்டாப் இருக்குற விண்டோஸ் மெஷின்ல டாக்கர்_எஞ்சின்ங்குற பைப்புக்கே கனெக்ட் பண்ணி /_பிங் கூப்பிட்டுப் பாருங்க, ஓகேன்னு பதில் வந்தா உங்க கிளையன்ட் கோடு சரி.